டொமைன் யாருடையது? பதிவுத் தகவல் தேடலில் வரும் சந்தேகங்களும் பதில்களும்

டொமைன் பெயரைக் கொடுத்தால் அதன் பதிவு விவரங்களை எடுத்துக் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சில வருடங்களாக நடத்திவருகிறேன். வரும் மின்னஞ்சல்களில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய், கடைசியில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்கின்றன.

இந்தத் தகவலெல்லாம் எங்கே இருக்கிறது? உலகத்துக்கே ஒரு பெரிய பட்டியல் இருக்கிறதா?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு டொமைனுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். பெயரைப் பதிவு செய்தவர் ஒருவர். அவர் பணம் கட்டி வாங்கிய நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். பெயரின் கடைசியில் வரும் முடிவு (.காம், .ஆர்க் போன்றவை) முழுவதையும் நிர்வகிக்கும் அமைப்பு ரிஜிஸ்ட்ரி. .காம் பெயர்களுக்கு வெரிசைன் ரிஜிஸ்ட்ரி. ரிஜிஸ்ட்ரார்களோ நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ரிஜிஸ்ட்ரார், ரிஜிஸ்ட்ரி இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும். நானே முதல் ஆறு மாதம் மாற்றி மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தேடல் கருவி செய்வது தபால்காரர் வேலை. ரிஜிஸ்ட்ரியைக் கேட்கும், தேவைப்பட்டால் ரிஜிஸ்ட்ராரையும் கேட்கும், வந்ததைக் காட்டும். .காம் விஷயத்தில் ரிஜிஸ்ட்ரியிடம் உரிமையாளரின் பெயரோ முகவரியோ கிடையாது. எந்த ரிஜிஸ்ட்ரார், என்றைக்குப் பதிவானது, எந்த நேம்சர்வர் (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் கணினி), என்ன நிலை என்பதுதான் இருக்கும். மீதி ரிஜிஸ்ட்ராரிடம்.

ஹூயிஸ் என்கிறார்கள், ஆர்டிஏபி என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

வேலை ஒன்று, வழி வேறு. ஹூயிஸ் 1982ல் எழுதி வைக்கப்பட்ட நெறிமுறை, அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதி. அப்போது இணையமே ஆர்பாநெட் என்ற பெயரில் இருந்தது. யார் எந்தக் கணினியைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசிப் புத்தகம் மாதிரி அது பயன்பட்டது. 43ஆம் போர்ட்டில் இணைந்து ஒரு வரி அனுப்பினால், பதிலாக வெறும் எழுத்து வரும். அவ்வளவுதான் நெறிமுறை. 2004ல் திருத்தி எழுதிய பதிப்பும் நான்கு பக்கச் சமாச்சாரம்தான்.

ஆர்டிஏபி அதற்கு மாற்றாக, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உருவாகி 2015ல் வெளியானது. வழக்கமான ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்கிறோம், பதில் ஜேசான் என்ற, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்த எழுத்து வடிவத்தில் வருகிறது. எந்த நாட்டுக்கும் உரியதல்லாத .காம், .ஆர்க் போன்ற பொதுவான முடிவுகளை நடத்துபவர்கள் எல்லோரும் இதைத் தர வேண்டும் என்று, டொமைன் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு 2019 ஆகஸ்டில் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 28 முதல் பழைய ஹூயிஸை நடத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போய்விட்டது. சிலர் இன்னும் நடத்துகிறார்கள், அது அவர்கள் விருப்பம். பேச்சுவழக்கில் மட்டும் 'ஹூயிஸ் பார்த்தாயா' என்பதே நிலைத்துவிட்டது. இந்தப் பெயர் குழப்பத்தைத் தீர்க்க 2011லேயே ஐகானின் பாதுகாப்புக் குழு தனித்தனிப் பெயர்கள் பரிந்துரைத்தது. யாரும் கேட்டபாடில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்கு மாற்றினார்கள்?

நன்றாக ஓடுவது போலத் தெரிந்தது, ஏனென்றால் இடையில் என்னைப் போன்றவர்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம். பதில் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று ஹூயிஸில் விதியே கிடையாது. பதிவான நாளை ஒருவர் 'கிரியேஷன் டேட்' என்பார், இன்னொருவர் 'ரிஜிஸ்டர்டு ஆன்', மூன்றாமவர் வெறும் 'கிரியேட்டட்'. ஒரு பதிலில் 03/04/2021 என்று வந்தது. அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? அந்த சர்வரை நடத்துபவருக்கு மட்டும்தான் தெரியும். என் பழைய நிரலில் இப்படிப்பட்ட விதிவிலக்குகளுக்காகவே ஒரு கோப்பு இருந்தது. யாராவது ஒரு ரிஜிஸ்ட்ரார் ஒரு வரியை மாற்றி எழுதினால் போதும், அன்றைக்கு எனக்குத் தூக்கம் போய்விடும்.

இதைவிடப் பெரிய குறைகளும் உண்டு. பதில் குறியாக்கம் இல்லாமல் வருகிறது, நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம். ஆங்கிலமல்லாத எழுத்துகளை எப்படி அனுப்புவது என்று சொல்லப்படவில்லை. கேட்பவர் யார் என்று தெரியாததால் எல்லோருக்கும் ஒரே பதில்தான், காவல்துறைக்கும் சரி, விளம்பர மின்னஞ்சல் அனுப்புபவருக்கும் சரி. பிழைச் செய்தி என்றும் தனியாக ஒன்று இல்லை. 'அப்படிப் பெயர் இல்லை' என்பதும் 'இன்று அதிகம் கேட்டுவிட்டாய், போ' என்பதும் ஒரே மாதிரி எழுத்து வரியாகத்தான் வரும்.

நடுவில் மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஐரிஸ் என்று ஒன்று 2005ல் வந்தது. முழுமையான வடிவமைப்புதான், ஆனால் அதற்கென்றே தனி மென்பொருள் தேவைப்பட்டதால் எடுபடவில்லை. ஆர்டிஏபி ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்த வலை சர்வரையே பயன்படுத்திக்கொண்டது. அது பிழைத்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

எந்தப் பெயருக்கு எந்த சர்வரைக் கேட்க வேண்டும் என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

ஆர்டிஏபியில் இதற்கு, இணைய முகவரிகளையும் முடிவுகளையும் பதிந்துவைக்கும் ஐயானா அமைப்பு ஒரு அதிகாரபூர்வப் பட்டியல் வைத்திருக்கிறது. எந்த முடிவுக்கு எந்த முகவரி என்று அதில் இருக்கும். ஐபி முகவரிகளுக்கும் இணைய வலையமைப்பு எண்களுக்கும் தனிப் பட்டியல்கள் உண்டு. கருவி அதை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கேட்கும்.

ஹூயிஸ் காலத்தில் பலரும் சர்வர் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். அதன் விளைவு 2024ல் வெளிச்சத்துக்கு வந்தது. .மொபி முடிவின் ஹூயிஸ் சர்வர் வேறு பெயருக்கு மாறியிருந்தது. பழைய சர்வர் இருந்த டொமைனை யாரும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். வாட்ச்டவர் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை 20 டாலருக்கு வாங்கி ஒரு ஹூயிஸ் சர்வரை நிறுவினார்கள். சில நாட்களில் 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகள் அவர்களிடம் வந்து விவரம் கேட்டன. பாதுகாப்புச் சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றுகூட, அந்த ஆய்வாளர்கள் எழுதிவைத்த மின்னஞ்சலை டொமைன் உரிமையாளருடையது என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஹூயிஸில் கிடைக்கும் மின்னஞ்சலை வைத்துச் சான்றிதழ் தரும் முறையை 2025ல் விலக்கியதற்கு இதுவே தூண்டுதல்.

பெயர், முகவரி எல்லாம் மறைக்கப்பட்டிருக்கிறதே? முன்பெல்லாம் தெரிந்ததே?

தெரிந்தது, உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25ல் அமலுக்கு வந்தது. தனிநபரின் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உலகமே பார்க்கும்படி வைத்திருப்பது அந்தச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. ஐகான் அதற்கு ஒரு வாரத்துக்கு முன் தற்காலிக விதி ஒன்றை அவசரமாக நிறைவேற்றியது. யார் ஐரோப்பியர், யார் இல்லை என்று பிரிப்பது கஷ்டம் என்பதால் பல ரிஜிஸ்ட்ரார்கள் எல்லோருடைய விவரங்களையும் மறைத்துவிட்டார்கள். நிரந்தர விதி 2024 பிப்ரவரியில் வெளியாகி, 2025 ஆகஸ்ட் 21ல் நடைமுறைக்கு வந்தது.

புலனாய்வு செய்பவர்களுக்கு இதில் வருத்தம் இருப்பது நியாயம். ஆனால் பழைய நாட்களை நான் மறக்கவில்லை. டொமைன் வாங்கிய மறுநாளே 'உங்கள் தளத்தை வடிவமைத்துத் தருகிறோம்' என்று அழைப்பு வரும். அப்புறம் ரிஜிஸ்ட்ரார் அனுப்பியது போலவே அச்சடித்த போலிப் புதுப்பிப்புக் கட்டணக் கடிதம் வீட்டுக்கே வரும்.

பிரைவசி சேவை வாங்கியிருக்கிறேன். மறைத்துத்தான் விடுகிறார்கள் என்றால் அது எதற்கு?

இரண்டும் வேறு. சட்டத்துக்காக மறைக்கும்போது உங்கள் பெயர் பதிவில் இருக்கிறது, வெளியே காட்டுவதில்லை. பிரைவசி அல்லது பிராக்ஸி சேவையில், பதிவிலேயே உங்கள் விவரத்துக்குப் பதிலாக அந்தச் சேவையின் விவரம் நிற்கும். பல ரிஜிஸ்ட்ரார்கள் இதை இலவசமாகவே தருகிறார்கள். தனியாகக் காசு கேட்டால், பொதுவான முடிவுகளில் பதிவு செய்யும் தனிநபருக்கு அது அவசியம்தானா என்று யோசித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய முடிவுகளில் (.இன் போன்றவை) விதி வேறு, கீழே பாருங்கள்.

என் டொமைனையே தேடினேன், என் பெயர் வரவில்லை. அப்போ அது என் பெயரில் இல்லையா?

பயப்பட வேண்டாம். மறைந்திருப்பதால் உரிமை போய்விடாது. ஆனால் பொதுத் தேடலை வைத்து உங்கள் உரிமையைச் சரிபார்க்கவும் முடியாது. ரிஜிஸ்ட்ராரின் கணக்கில் நுழைந்து, பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நேரில் பாருங்கள். தளம் செய்து கொடுத்தவரே தன் பெயரில் டொமைனையும் வாங்கிவைத்திருந்த கதைகள் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். நிறுவனம் என்ற கட்டத்தையும் கவனியுங்கள். அங்கே ஒரு நிறுவனப் பெயர் இருந்தால், பதிவு அந்த நிறுவனத்துடையதாகக் கருதப்படும், அதை நிரப்பிய ஊழியருடையதாக அல்ல.

மின்னஞ்சல் முகவரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பதிவின்போது அதைச் சரிபார்க்க 15 நாள் தருவார்கள். அந்த மடலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டு, தளம் முடங்கிய பிறகு காரணம் தேடுபவர்கள் நிறைய.

கட்டம் காலியாக இருக்கிறது. தகவலே இல்லையா, மறைத்துவிட்டார்களா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தேடல் கருவிகளின் தரத்தை இதை வைத்தே அளந்துவிடலாம். காலியான கட்டத்துக்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். அந்தத் தகவல் வாங்கப்படவே இல்லை. வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் காட்டவில்லை. உரிமையாளர் நிரப்பவில்லை. அல்லது, ரிஜிஸ்ட்ராரின் சர்வர் பதில் தராததால் கருவிக்கே கிடைக்கவில்லை. பெரும்பாலான பக்கங்கள் நான்கையும் ஒரே வெள்ளை இடமாகக் காட்டுகின்றன. பார்ப்பவர் தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்கிறார்.

நிர்வாகத் தொடர்பாளர் என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளில் அது எப்போதும் இருக்கும். புதிய விதிப்படி அதை வாங்கவே தேவையில்லை. அது காலியாக இருப்பதைப் பார்த்து 'எதையோ ஒளிக்கிறார்கள்' என்று ஒருவர் எனக்கு நீளமாக எழுதியிருந்தார். ஒளிக்க அங்கே ஒன்றும் இல்லை.

இதைத் தீர்க்க 2024ல் ஆர்டிஏபிக்கு ஒரு துணைத் தரம் வந்தது. எந்தக் கட்டம் நீக்கப்பட்டது, எப்படி நீக்கப்பட்டது, ஏன் என்பதை சர்வரே தனிப் பட்டியலாகச் சொல்ல அதில் வழி உண்டு. அதைப் படித்து 'விதிப்படி மறைக்கப்பட்டது' என்று எழுதிக் காட்டுவது பெரிய வேலை இல்லை. என் கருவியில் இதைச் சேர்த்த பிறகு இந்தக் கேள்வி பாதியாகக் குறைந்தது.

உரிமையாளரைத் தொடர்புகொண்டே ஆக வேண்டும். என்ன செய்வது?

காரணத்தைப் பொறுத்தது. டொமைனை விலைக்குக் கேட்பது மாதிரி சாதாரண விஷயம் என்றால், மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படிவத்தின் இணைப்போ புனைமுகவரியோ இருக்கும். அதில் எழுதினால் உரிமையாளருக்குப் போய்ச்சேரும். அவர் பதில் எழுதுவது அவர் இஷ்டம்.

மோசடி, வைரஸ், போலி உள்நுழைவுப் பக்கம் என்றால் உரிமையாளரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதைச் செய்பவரே பெரும்பாலும் அவர்தான். ஒவ்வொரு பதிலிலும் ரிஜிஸ்ட்ராரின் முறைகேட்டுப் புகார் மின்னஞ்சலும் தொலைபேசியும் இருக்கும், அவை மறைக்கப்படுவதில்லை. முழு முகவரி, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), நேரம் மூன்றையும் சேர்த்து அங்கே அனுப்புங்கள்.

வணிகச்சின்ன வழக்கு போன்ற சட்டபூர்வக் காரணம் இருந்தால், மறைந்த தகவலைக் கேட்டு ரிஜிஸ்ட்ராருக்கு முறையாக விண்ணப்பிக்கலாம். கிடைத்ததாக இரண்டு வேலை நாளுக்குள்ளும், முடிவை 30 நாளுக்குள்ளும் சொல்ல வேண்டும் என்பது வழக்கமான விண்ணப்பங்களுக்கான விதி. கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை, அவர்கள் எடைபோட்டு முடிவெடுப்பார்கள். இப்படிப்பட்ட விண்ணப்பங்களை ஒரே இடத்திலிருந்து அனுப்ப ஐகான் 2023 நவம்பரில் ஒரு சோதனைச் சேவை தொடங்கியது. அதில் சேர்வது ரிஜிஸ்ட்ரார்களின் விருப்பம் என்பதுதான் அதன் பலவீனம்.

நிலை என்ற இடத்தில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடெட்' என்று இருக்கிறது. தடை செய்துவிட்டார்களா?

இல்லை, அது பூட்டு. உங்களைக் கேட்காமல் டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது என்று அர்த்தம். அது இருப்பது நல்லது, இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். 'கிளையன்ட்' என்று தொடங்கினால் ரிஜிஸ்ட்ரார் போட்டது, 'சர்வர்' என்று தொடங்கினால் ரிஜிஸ்ட்ரி போட்டது. இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதி புரிந்துவிடும்.

பயப்பட வேண்டியது 'ஹோல்ட்' என்று முடியும் நிலைகள். அவை இருந்தால் டொமைன் டிஎன்எஸ்ஸிலிருந்து (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் இணைய அமைப்பு) எடுக்கப்பட்டிருக்கிறது, தளமும் மின்னஞ்சலும் வேலை செய்யாது. மின்னஞ்சலைச் சரிபார்க்காதது, பணம் கட்டாதது, புகார் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஹூயிஸில் 'ஓகே' என்று வந்த நிலை ஆர்டிஏபியில் 'ஆக்டிவ்' என்று வரும். இரண்டும் ஒன்றுதான், எதுவும் மாறிவிடவில்லை.

இந்தச் சொற்கள் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்தவை. அப்படியே திரையில் கொட்டிவிட்டு, பார்ப்பவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம். பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

காலாவதி தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம், அதுதான் வம்பு. .காம் போன்ற முடிவுகளில் காலாவதி நாள் வந்ததும் ரிஜிஸ்ட்ரி தானாகவே ஒரு வருடம் நீட்டிவிடும். நீங்கள் பணம் கட்டினீர்களா என்று அதற்குத் தெரியாது. ரிஜிஸ்ட்ராருக்கு 45 நாள் வரை அவகாசம். அதற்குள் பெயரை நீக்கினால் அந்த நீட்டிப்புக் கட்டணம் அவருக்குத் திரும்பிவிடும். ஆகவே அந்த நாட்களில் ரிஜிஸ்ட்ரி அடுத்த வருடத் தேதியைக் காட்டும், ரிஜிஸ்ட்ரார் பழைய தேதியையே காட்டுவார்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்தில் என் பக்கம் ரிஜிஸ்ட்ரியின் தேதியை மட்டும் காட்டியது. அதைப் பார்த்த ஒருவர், 'தானாகப் புதுப்பித்துவிட்டது' என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டார். சில வாரத்தில் டொமைன் மீட்புக் காலத்துக்குப் போய், சாதாரணக் கட்டணத்தைவிடப் பல மடங்கு கட்டி மீட்டார். என் மேல் கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது, ஆனால் நாகரிகமாகத்தான் எழுதியிருந்தார். அன்றைக்கே இரண்டு தேதிகளையும் தனித்தனி வரியில், யார் சொன்னது என்ற பெயரோடு போட்டேன். 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்ற நிலை இருந்தால் மேலே சிவப்பில் ஒரு எச்சரிக்கையும் வரும்.

எனக்குப் பிடித்த பெயர் காலாவதியாகிவிட்டது. நாளைக்கே வாங்கிவிடலாமா?

முடியாது. மேலே சொன்ன 45 நாள் அவகாசத்தில் ரிஜிஸ்ட்ரார் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம், நீக்காமல் ஏலத்திலும் விடலாம். நீக்கினால் 30 நாள் மீட்புக் காலம். அதிலும் பழைய உரிமையாளர் வராவிட்டால் 5 நாள் 'பெண்டிங் டெலீட்'. அதற்குப் பிறகுதான் பெயர் விடுபடும். விடுபடும் நொடியிலேயே பிடிக்க இயந்திரங்கள் காத்திருக்கும், கையால் தட்டச்சு செய்து ஜெயிப்பது அதிர்ஷ்டம்தான்.

'கிடைக்கவில்லை' என்று வந்தால் அந்தப் பெயர் காலி என்று அர்த்தமா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் இல்லை. ஆர்டிஏபியில் 404 என்று வந்தால் ரிஜிஸ்ட்ரியிடம் அப்படிப் பதிவு இல்லை. ஆனால் ஒதுக்கிவைத்த பெயராகவோ அதிக விலை வைத்த பெயராகவோ இருக்கலாம். பதிவு செய்ய முயன்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. தளம் திறக்கவில்லை, டிஎன்எஸ்ஸில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். 'ஹோல்ட்' நிலையில் இருக்கும் பெயரும் அப்படித்தான் தெரியும். கருவி எழுதுபவர்களுக்கு: 404ஐயும் சர்வர் கோளாறையும் ஒரே செய்தியில் அடைக்காதீர்கள்.

நான் தேடுவதைப் பார்த்து யாராவது முந்திக்கொண்டு வாங்கிவிடுவார்களாமே?

இந்தச் சந்தேகம் வெறும் வதந்தி அல்ல. ஐகானின் பாதுகாப்புக் குழு 2007லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அந்தக் காலத்தில் பதிவு செய்து 5 நாளுக்குள் நீக்கினால் காசு திரும்பக் கிடைக்கும் என்பதால், பிடித்துவைத்துப் பார்ப்பதில் நஷ்டமே இல்லாமல் இருந்தது. பிறகு அந்தச் சலுகைக்கு வரம்பு வந்து, விளையாட்டின் லாபம் போய்விட்டது. நடைமுறை ஆலோசனை: முன்பின் தெரியாத பக்கங்களில் அருமையான பெயரைத் தட்டிப் பார்க்காதீர்கள். ஐகானின் தேடல் பக்கமோ ரிஜிஸ்ட்ரியின் பக்கமோ போதும். ஐகான் பக்கம் பதிலை அந்தந்த இடத்திலிருந்து அப்போதே எடுத்துக் காட்டுகிறது, தான் சேமித்துவைப்பதில்லை.

நாட்டு முடிவுகளைத் தேடினால் ஏன் அரைகுறையாக வருகிறது?

இரண்டெழுத்து நாட்டு முடிவுகள் ஐகானின் இந்த ஒப்பந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. எதைக் காட்டுவது, எந்த வழியில் தருவது என்பது அந்தந்த ரிஜிஸ்ட்ரியின் முடிவு, அந்த நாட்டுச் சட்டத்தின் முடிவு. பிரேசில், பிரான்ஸ், நெதர்லாந்து, பிரிட்டன் முடிவுகள் ஆர்டிஏபி தருகின்றன. வேறு சிலவற்றில் ஹூயிஸ் மட்டும், இன்னும் சிலவற்றில் அவர்களுடைய வலைப்பக்கத்தில் போய்த் தேடினால்தான் உண்டு. அதனால் நானும் ஹூயிஸ் படிக்கும் பழைய நிரலை இன்னும் குப்பையில் போடவில்லை.

தமிழ் எழுத்தில் இருக்கும் டொமைனைத் தேடலாமா?

தேடலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடிவுகள் உண்டு. உள்ளே டிஎன்எஸ் இவற்றை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் வைத்திருக்கிறது. ஆர்டிஏபியின் பதிலில் இரண்டு வடிவங்களுக்கும் இடம் இருக்கிறது. நல்ல கருவி இரண்டையும் காட்ட வேண்டும்.

ஏன் இரண்டும்? கௌ, கெள இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவது க-வுடன் ஔகாரக் குறி. இரண்டாவதில் கெ என்று எழுதி, பக்கத்தில் ள என்ற முழு எழுத்து. பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியவே தெரியாது, ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு. நகலெடுத்து ஒட்டிய பெயர் 'கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். எக்ஸ்என் வடிவத்தை ஒப்பிட்டால் உடனே பிடிபட்டுவிடும்.

நூற்றுக்கணக்கில் தேடியதும் தடுத்துவிட்டார்கள். 429 என்றால் என்ன?

அதிகம் கேட்கிறாய், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். மொத்தமாக உறிஞ்சுவதைத் தடுக்க இந்த வரம்பு தேவைதான். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பதிலின் தலைப்பகுதியில் சில சர்வர்கள் சொல்லும், அதை மதியுங்கள். ஒரே பெயரை மீண்டும் மீண்டும் கேட்காமல் சிறிது நேரம் சேமித்துவையுங்கள். அப்படிச் சேமித்ததைக் காட்டும்போது, எப்போது எடுத்தது என்ற நேரத்தையும் கூடவே காட்டுங்கள்.

நானே ஒரு தேடல் பக்கம் எழுதுகிறேன். எதில் கால் இடறும்?

முதலில் தொடர்பு விவரங்கள். அவை ஜேகார்டு என்ற வடிவத்தில் வரும். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று போகும். முகவரி என்பது பெயரில்லாத ஏழு கட்டங்கள். எத்தனையாவது கட்டம் ஊர், எத்தனையாவது அஞ்சல் எண் என்று எண்ணித்தான் எடுக்க வேண்டும். ஆர்டிஏபியில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் இது. கையால் பிரிக்காமல் நன்றாகச் சோதித்த நூலகம் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, ரிஜிஸ்ட்ரியின் பதிலோடு நின்றுவிடாதீர்கள். அதில் ரிஜிஸ்ட்ராரின் பதிலுக்கு ஒரு இணைப்பு இருக்கும், அதையும் பின்தொடருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் என்ன ஆகும் என்பதைக் காலாவதி தேதிக் கதையில் பார்த்தீர்கள். தேதிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். பார்ப்பவரின் நேரத்துக்கு மாற்றினால் மாற்றியதாகச் சொல்லுங்கள், நள்ளிரவையொட்டி ஒரு நாளே நகர்ந்துவிடும்.

கடைசியாக, மூலப் பதிலை அப்படியே பார்க்க ஒரு பொத்தான். நூற்றில் ஒருவர்தான் அழுத்துவார். ஆனால் உங்கள் நிரல் தவறாகப் பிரித்த அன்றைக்கு, தவறைக் கண்டுபிடித்து எழுதப்போவது அந்த ஒருவர்தான்.

தகவல் பொய் என்று தெரிகிறது. உங்கள் பக்கத்தில் திருத்துவீர்களா?

என்னால் முடியாது. முதல் பதிலில் சொன்னது போல நான் தபால்காரர் மட்டும்தான். உங்கள் டொமைன் என்றால் ரிஜிஸ்ட்ராரிடம் திருத்துங்கள். வேறொருவருடைய பொய்த் தகவல் என்றால் அந்த ரிஜிஸ்ட்ராரிடமும், அங்கே அசைவில்லை என்றால் ஐகானின் இணக்கப் பிரிவிலும் புகார் செய்யலாம். ஆனால் இன்றைக்கு மறைத்திருக்கும் தகவல் பொய்யா என்று வெளியிலிருந்து சொல்வது எப்படி என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

ஒருவர் பெயரைக் கொடுத்து அவருடைய எல்லா டொமைன்களையும் எடுக்க முடியுமா?

தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. ஆர்டிஏபியில் பெயரை வைத்துத் தேடும் முறை உண்டு, 2024ல் தலைகீழ்த் தேடலுக்கென்று தனித் தரமும் வெளியானது. ஆனால் பொதுமக்களுக்கு அதைத் திறந்துவிடும் ரிஜிஸ்ட்ரியைப் பார்ப்பது அரிது. திறந்தால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். 2018க்கு முன் திரட்டிய பழைய ஹூயிஸ் பதிவுகளைச் சில தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. புலனாய்வுச் செய்தியாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நான் இந்த வசதியைச் சேர்க்கவில்லை, சேர்க்கச் சொல்லி வரும் மடல்களில் 'என் முன்னாள் மனைவி', 'என் பழைய பங்காளி' என்று தொடங்குபவை அதிகம்.